எல்லையூரில் ஒரு கூடல்: தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து விழா நடத்த முழு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு, மாநிலம் மாறியது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். தோப்பு அதே தென்னந்தோப்பு, காற்று அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே சந்தையில் மாடு வாங்கி, ஒரே ஆற்றில் நீர் பாய்ச்சி வாழ்ந்தவர்கள்.

அப்படியிருந்தும் இன்று பெரும்பாலானவர்களுக்குள் இருப்பது கொடுக்கல் வாங்கல் பழக்கம்தான். தேங்காய் விற்கிறார், பூ வாங்குகிறார், வேலைக்குப் போகிறார், திரும்பிவிடுகிறார். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடுவது குறைவு. தண்ணீர்ப் பிரச்சினையோ குப்பை லாரிப் பிரச்சினையோ செய்தியில் வந்துவிட்டால், அந்தப் பக்கத்து மனிதர் சட்டென்று 'அவர்கள்' ஆகிவிடுகிறார்.

இதை மாற்ற வேண்டும் என்று நினைத்து யாராவது விழா எடுத்தால், அது மேடை நிகழ்ச்சியாகத்தான் முடிகிறது. அவர்கள் திருவாதிரைக்களி ஆட, இவர்கள் கரகம் ஆட, நடுவில் பத்துப் பேருக்குப் பொன்னாடை. பார்க்க வந்தவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கைதட்டி, தங்கள் ஊர்க்காரர்களோடே திரும்பிப் போகிறார்கள். அன்று அடுத்த பக்கத்து ஆள் ஒருவரிடம்கூடப் பேசாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்கள்தான் அதிகம்.

ஆகவே இந்த வழிகாட்டி வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. முன்பின் தெரியாதவர்களைச் சேர்ந்து ஒரு வேலை செய்ய வையுங்கள். சேர்ந்து சமைப்பது, சேர்ந்து பந்தல் போடுவது, சேர்ந்து பரிமாறுவது. பேச்சு தானாக வரும். மேடையைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் சுமார் 200 பேர் கூடும் ஒருநாள் நிகழ்ச்சிக்கானது. முதல் முறைக்கு அதற்கு மேல் போக வேண்டாம். அதைத் தாண்டினால் யாரும் யாரையும் பார்க்க முடியாத கூட்டமாகிவிடும்.

முதலில் ஊரைச் சுற்றி வாருங்கள்

'தமிழர், மலையாளி' என்று இரண்டு கட்சியாகப் பிரித்துத் திட்டம் போட்டால் பாதி ஊர் விட்டுப்போகும். பாலக்காட்டு எல்லையில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள், தமிழிலும் மலையாளத்திலும் ஜெபம் சொல்லும் கிறிஸ்தவக் குடும்பங்கள், வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் கொங்குப் பகுதிக் குடும்பங்கள், மலையடிவாரத்தில் எரவாளர், மலசர் போன்ற பழங்குடிகள், தென்னைநார் மில்களில் வேலை செய்யும் வடமாநிலத்துத் தொழிலாளிகள் என்று பட்டியல் நீளும். பரம்பிக்குளத்து மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பஞ்சாயத்தான முதலமடைக்கு வரவே பெரும்பாலும் தமிழ்நாட்டு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். எல்லை என்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா சுற்றுங்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, ஆட்டோ ஸ்டாண்டு, காலை டீக்கடை, பள்ளிக்கூட வாசல். எந்தெந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு இதுவரை எந்த விழா அழைப்பும் போனதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் மொழியை விடப் பெரிய சுவர் சாதி. இந்தப் பக்கத்துத் தோட்டக்காரரும் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரும் கைகுலுக்கிக்கொள்வது சுலபம். இரண்டு பேர் தோட்டத்திலும் வேலை செய்யும் காலனி ஜனங்கள் அதே பந்தியில் உட்காராவிட்டால், இரண்டு மாநிலத்து வசதிக்காரர்களின் விருந்துக்குப் பண்பாட்டு உறவு என்று பெயர் வைத்ததாகத்தான் ஆகும். அழைப்பு கொடுக்க முதலில் காலனிக்குப் போங்கள். உங்கள் சார்பாக வேறொருவரை அனுப்பாமல் நீங்களே போங்கள். அதுவும் 'வந்து சாப்பிட்டுப் போங்க' என்று சொல்லாதீர்கள், 'சேர்ந்து நடத்தலாம், கமிட்டிக்கு வாங்க' என்று கூப்பிடுங்கள்.

கமிட்டி

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பாதிக்குக் குறையாமல் பெண்கள். இருபத்தைந்து வயதுக்குள் குறைந்தது இரண்டு பேர். இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மூன்றாவது கூட்டத்தில் நான்கு பெரியவர்கள் மட்டும் மிச்சமிருப்பார்கள்.

யாரைப் பிடிப்பது? கேரளப் பக்கம் உங்களுக்கு மிகப் பெரிய துணை கிராம வாயனசாலை. 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பலனாக, அங்கே சின்ன ஊரிலும் ஒரு நூலகமும் அதைச் சுற்றி ஒரு கூட்டமும் இருக்கும். நாற்காலி, மைக், கூட்டம் நடத்திப் பழகிய ஆட்கள் எல்லாம் அங்கேயே கிடைப்பார்கள். அவர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள், அந்த நேரத்தில் போய்ப் பேச்சைத் தொடங்கினால் நல்ல வரவேற்பு இருக்கும். அடுத்தது 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் அமைப்பு. அதன் அயல்கூட்டங்கள், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்கள், தெருத் தெருவாக இருப்பதால் செய்தி ஒரே நாளில் வீட்டுக்கு வீடு போய்விடும். தமிழ்நாட்டுப் பக்கம் அதே வேலையை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்யும். குடும்பஸ்ரீ ஆட்களையும் மகளிர் குழு ஆட்களையும் முதல் வாரத்திலேயே ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிடுங்கள். வசூல், கணக்கு, கடன், சமையல் என்று இருவருக்கும் பேச ஆயிரம் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்தச் சந்திப்பு சரியாக அமைந்தால் மற்ற வேலையெல்லாம் பாதி முடிந்த மாதிரி.

தினமும் எல்லை தாண்டுகிறவர்களை விட்டுவிடாதீர்கள். பூக்காரம்மா, பால் வண்டிக்காரர், பஸ் கண்டக்டர், தேங்காய் உரிக்கும் தொழிலாளி. இவர்களுக்கு இரண்டு பேச்சும் வரும், இரண்டு பக்கத்திலும் முகப்பழக்கம் உண்டு.

கூட்டத்தை ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர். சமையலுக்கு இரண்டு, பந்தலுக்கு இரண்டு, பணத்துக்கு இரண்டு. 'சமையல் அவங்க, மைக் நம்ம' என்று பிரித்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் விழா எடுத்ததன் நோக்கம் அங்கேயே கெட்டுவிடும்.

கட்சிக்காரர்கள் வருவார்கள், வரட்டும். இரண்டு பக்கத்து வார்டு உறுப்பினர்களையும் கட்சி பார்க்காமல் கூப்பிடுங்கள். கொடியும் கட்சித் துண்டும் மட்டும் பந்தலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாள் பார்ப்பது

நவம்பர் 1 பொருத்தமான நாள் என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். கேரளத்தில் அது கேரளப் பிறவி நாள். தமிழ்நாட்டில் எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூரும் நாள், கிராம சபையும் அன்று உண்டு. ஒரு பக்கம் கொண்டாட்டமும் இன்னொரு பக்கம் இழந்த ஊர்களின் நினைவுமாக இருக்கும் நாளில் முதல் சந்திப்பை வைத்தால் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. நாலைந்து வருடம் பழகிய பிறகு அந்த நாளிலேயே சேர்ந்து உட்காரலாம், அப்போது அதற்குத் தனி மதிப்பு இருக்கும்.

என் முதல் தேர்வு சித்திரை ஒன்றுக்குப் பின்வரும் ஞாயிறு. கொங்குப் பகுதியில் சித்திரைக்கனி, அங்கே விஷுக்கணி. இரண்டு வீட்டிலும் முந்தின இரவே கண்ணாடி முன் தட்டில் பழமும் பூவும் பொன்னும் வைத்து, விடிந்ததும் கண் விழித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கொன்றைப் பூ அந்தப் பக்கம் கட்டாயம். ஞாயிறு என்பதால் இரண்டு மாநிலத்திலும் பள்ளி இருக்காது. மழையும் பெரிதாக இருக்காது, வெயில் மட்டும் கடுமை, அதனால் ஆட்டங்களை முற்பகலிலேயே முடித்துவிட்டு, மற்றதைப் பந்தல் நிழலில் வைக்கலாம்.

இரண்டாவது தேர்வு பொங்கல் கழிந்து மாசி வரையுள்ள ஞாயிறுகள். அதில் ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் திருவிழா நாட்களையும் பழனி தைப்பூசத்தையும் தவிர்த்துவிடுங்கள், இரண்டுக்கும் கேரளப் பக்கத்திலிருந்தும் ஜனம் போகும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் நெம்மாறை வல்லங்கி வேல என்ற கோயில் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கம் யாரும் கிடைக்க மாட்டார்கள். ரம்ஜான் நோன்பு மாதத்தில் மதிய விருந்து வைப்பது அண்டை வீட்டாரை வெளியே நிறுத்துவது போல. அந்த மாதத்தில்தான் செய்ய முடியும் என்றால் நோன்பு திறக்கும் நேரத்தில் வைத்து, பள்ளிவாசல் கமிட்டியைச் சேர்ந்து நடத்தக் கேளுங்கள். ஓணத்தை ஒட்டி வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் விருந்து கொடுப்பவர்களாகவும் இந்தப் பக்கத்துக்காரர்கள் விருந்தாளிகளாகவும் ஆகிவிடுவார்கள். முதல் முறைக்கு இருவருக்கும் சமமான நாளே நல்லது.

இடம், அனுமதி, பணம்

கோயில் மண்டபம், சர்ச் ஹால், பள்ளிவாசல் வளாகம் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஆனாலும் முதல் நிகழ்ச்சிக்குப் பள்ளிக்கூட மைதானமே மேல். எல்லாரும் கேள்வியில்லாமல் உள்ளே வரலாம், கழிப்பறை இருக்கும், தண்ணீர் இருக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். மாநிலம் தாண்டி ஆள் ஏற்றிவரும் வேன்களுக்குப் பர்மிட் பிரச்சினை வரும். பொள்ளாச்சி, பாலக்காடு இடையே இரண்டு மாநில அரசு பஸ்களும் ஓடுகின்றன, அந்த நேரத்தை ஒட்டி நிகழ்ச்சியைத் தொடங்கி முடித்தால் செலவும் அலைச்சலும் மிச்சம்.

அனுமதி விழா நடக்கும் பக்கத்துச் சட்டப்படிதான். பள்ளித் தலைமையாசிரியருக்கும் கல்வித் துறைக்கும் ஒரு கடிதம், பஞ்சாயத்துக்கு ஒன்று, போலீஸ் நிலையத்துக்கு ஒன்று. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. எல்லைக்கு அப்பால் இருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். கட்டாயமில்லை என்றாலும், இன்ன நாளில் இத்தனை பேர் வந்து போவார்கள் என்று தெரிந்திருந்தால் சோதனைச் சாவடியில் தேவையில்லாத கேள்வி வராது.

இந்த எல்லைக்கே உரிய ஒரு சிக்கல் கள். கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி உண்டு, சித்தூர் அதற்குப் பெயர்போனது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை. விழா அந்தப் பக்கம் நடந்தால் இந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் அதற்காகவே வருவார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைப் பந்தலுக்குள் விடுவதில்லை என்று கமிட்டி முன்கூட்டியே முடிவெடுத்து, வாசலில் இரண்டு பக்கத்திலிருந்தும் மதிப்பான ஒருவரை நிறுத்துங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே பெரிய நன்கொடையாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். பேனரில் அவர் முகம் வந்துவிடும், விழா அவருடையதாகிவிடும். வீட்டுக்கு ஒரு தேங்காய், ஒரு படி அரிசி, ஒரு குலை வாழை என்று பொருளாக வாங்குங்கள். கொடுத்தவர் தன் தேங்காய் எந்தக் குழம்பில் போனது என்று பார்க்கவாவது வருவார். ரொக்க வரவு செலவை ஒரே நோட்டில் இரண்டு எழுத்திலும் எழுதுங்கள்.

அடுப்படிதான் முக்கிய மேடை

விழாவின் உண்மையான வேலை இங்கேதான். கேட்டரிங்காரரிடம் கொடுத்துவிடும் ஆசை வரும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு தலைமைச் சமையல்காரர் கூலிக்கு இருக்கலாம், மற்றதெல்லாம் ஊர்க்கைகள் செய்யட்டும்.

200 பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அரிசி 20 முதல் 25 கிலோ, சாம்பார் 40 லிட்டர், பாயசம் 25 முதல் 30 லிட்டர், குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் இருபது. இலை 220. அரிசியில் பாதி கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசி, பாதி வெள்ளை அரிசி என்று வையுங்கள். தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கம் உண்டு, கடலை எண்ணெய் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் உண்டு, அதனால் பொரியல்களில் சிலவற்றை இதிலும் சிலவற்றை அதிலும் தாளியுங்கள். சைவமா அசைவமா என்பதில் முதல் வருடம் சைவமே வைத்துவிடுவது வம்பில்லாத வழி. மாமிசம் வேண்டாதவர் வேண்டியவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரலாம்.

மெனுவைப் பிரிக்கும்போது ஒரு சூத்திரம் உண்டு. கேரளப் பலகாரத்தைத் தமிழ்ப் பெண்கள் செய்யட்டும், கொங்குப் பலகாரத்தை மலையாளப் பெண்கள் செய்யட்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது மட்டும் அந்தந்த வீட்டுக்காரர் வேலை. அவியலுக்குக் காய் நறுக்கும் பொள்ளாச்சி அக்காவிடம் கொழிஞ்சாம்பாறைச் சேச்சி, "இவ்வளவு பொடிசா வேண்டாம், விரல் நீளத்துக்கு" என்று தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டுவார். காய் முக்கால் பதம் வெந்ததும் அரைத்த தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும், அப்புறம் தயிர், கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும், கரண்டி போட்டுக் கிளறாமல் அண்டாவையே ஒரு குலுக்கு. அந்த அண்டாவைக் குலுக்க நான்கு கைகள் வேண்டும். அந்த நான்கு கைகளும் நான்கு வீட்டுக் கைகளாக இருந்தால், யார் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று அரைமணியில் எல்லாம் வெளியே வந்துவிடும். மேடைப் பேச்சில் இது வராது.

இந்தப் பக்கத்திலிருந்து அரிசியும்பருப்பும், கொள்ளுப் பருப்பு, சந்தகை வையுங்கள். சந்தகைக்கு மாவைப் பிழிய ஆள் பலம் வேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் அழுத்த வேண்டும். இடியப்பம் பிழிந்து பழகிய அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கை தானாகப் பொருந்தும். தேங்காய்ப்பால் ஊற்றியா, எலுமிச்சை பிழிந்தா என்பதில் ஒரு சின்னத் தர்க்கம் நடக்கும், நடக்கட்டும்.

எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ராமசேரி இட்லியைக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. மண்பானை வாயில் வலைபோலக் கயிறு கட்டி, துணி விரித்து, தட்டையாக வார்த்து வேகவைப்பது. அதைச் செய்துவருபவர்கள் தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்கள். கேரளத்தின் பெருமையான ஒரு பலகாரம் தமிழ்க் குடும்பங்களின் கைப்பக்குவம் என்பதைப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே தெரிந்துகொள்ளட்டும்.

பந்தியில் இடத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். வாசலில் பூ கொடுங்கள். செவ்வந்தி வைத்தவர் ஒரு பந்தி, முல்லை வைத்தவர் ஒரு பந்தி, அரளி ஒரு பந்தி. ஆண்களுக்குச் சட்டைப் பையில். பூ கொடுக்கும்போதே ஊரும் தெருவும் கலந்துவருமாறு கொடுக்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் ஜோடி ஜோடியாக, பக்கத்துக்கு ஒருவர். முதல் பந்தியில் வி.ஐ.பி. வரிசை கிடையாது. வார்டு உறுப்பினரானாலும் கையில் இருக்கும் பூப்படிதான் இலை.

ஆட்டம், பாட்டு, கூத்து

கொங்குக் கும்மியும் கைகொட்டிக்களி என்கிற திருவாதிரைக்களியும் வட்டமாக நின்று கைதட்டி ஆடுவது. வள்ளி கும்மி கொங்குப் பகுதியில் இப்போது நல்ல மறுவாழ்வு பெற்றிருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்துவந்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டையும் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டாமல், மைதானத்தில் பெரிய வட்டம் போட்டு, முதலில் பத்து நிமிடம் கும்மி அடி, பிறகு பத்து நிமிடம் களியின் அடி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாதம் முன்பே பெண்கள் இருவரிருவராகப் பழகியிருந்தால் அவர்களே நடுவில் நின்று வழிநடத்துவார்கள். அடி தவறினால் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்புக்காகத்தான் இது.

பிள்ளைகளுக்கு உறியடி, இரண்டு பக்கத்திலும் தெரிந்த ஆட்டம். பெரியவர்களுக்கு வடம் இழுப்பது. 'தமிழ்நாடு அணி, கேரள அணி' என்று பிரிப்பது மட்டும் கூடவே கூடாது. ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்தவர்கள் ஒரு பக்கம், ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் எதிர்ப்பக்கம். ஒரே கயிற்றை ஒரே திசையில் இழுத்தவர்கள் அன்று முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

மாலையில் ஒரு கூத்து வைக்க வசதி இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு தோல்பாவைக்கூத்தைச் சொல்வேன். பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்தில் நடக்கும் நிழற்பாவைக் கலை. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு எரியும். பாடுவது கம்பராமாயணம், கம்பனின் செய்யுள்கள் தமிழிலேயே, விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த நடையில். தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராவணவதத்தைப் பார்க்க முடியாத பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதீகம். தலைமுறை தலைமுறையாகக் கம்பனை மனப்பாடமாக வைத்திருக்கும் புலவர்கள் மலையாள மண்ணில் இருக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டுப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அப்படி ஒரு புலவர் குடும்பத்தைச் சேர்ந்த ராமச்சந்திர புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கோயிலில் பல இரவுகள் நடக்கும் கூத்தைப் பொது மேடைக்காக ஒரு மணி நேரத்தில் சுருக்கியும் செய்கிறார்கள். முடிந்ததும் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பாவையைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாட்டு என்றால் எம். எஸ். விஸ்வநாதன். எலப்புள்ளியில் 1928-இல் பிறந்து தமிழ்த் திரைக்கு மெட்டமைத்தவர். யாராவது ஒருவர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தால் போதும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வரிகளைத் தாங்களே எடுத்துக்கொடுப்பார்கள்.

மொழியை எப்படிக் கையாள்வது

அழைப்பிதழ் இரண்டு எழுத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக வேண்டாம். வாட்ஸப்பில் குரல் செய்தியும் அனுப்புங்கள். எல்லைப் பகுதியில் இரண்டு மொழியும் பேசுவார்கள், ஒன்றைத்தான் படிக்கத் தெரியும், சிலருக்கு இரண்டுமே படிக்க வராது.

தொகுத்துப் பேச இருவர், ஒரு ஆண் ஒரு பெண், பக்கத்துக்கு ஒருவர். ஒருவர் சொன்னதை மற்றவர் வரிக்கு வரி மொழிபெயர்க்கத் தேவையில்லை. எல்லாருக்கும் முக்கால்வாசி புரியும், விளங்காததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள், அந்தக் கேள்வி நமக்கு வேண்டும். வடமாநிலத் தொழிலாளிகள் வந்திருந்தால் இந்தி தெரிந்த ஒருவர் அவர்களோடு உட்காரட்டும்.

உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் மிமிக்ரி, தமிழரை இழிவாகச் சொல்லும் 'பாண்டி' போன்ற பட்டப்பெயர்கள், மலையாளிகளைக் குறிவைக்கும் சினிமா வசனங்கள் எதற்கும் மைக்கைக் கொடுக்காதீர்கள். சிரிப்புக்காகத்தான் என்பார்கள். சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

வலிக்கும் விஷயங்களை என்ன செய்வது

ஒளித்துவைத்தால் வீடு திரும்பும் பஸ்ஸில் பேசுவார்கள். அதைவிட நம் முன்னால், ஒழுங்கோடு, விஷயம் தெரிந்தவர்களை வைத்துப் பேசுவது நல்லது. முதல் வருடம் ஒன்றை மட்டும் எடுங்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். அதன்படி மணக்கடவில் கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் காங்கேயம், வெள்ளக்கோவில் வரை போகின்றன. அங்கே கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேருவதில் வருடாவருடம் போராட்டம். சித்தூர்க் கடைமடைக்காரருக்கும் அதே கதைதான். இதைப் பேச்சாளரை வைத்துச் சொல்ல வேண்டாம். மைதானத்தின் ஒரு மூலையில் கோலப்பொடியால் அணைகளையும் ஆழியாற்றையும் இரண்டு பக்கத்துக் கால்வாய்களையும் பெரிதாக வரையுங்கள். விவசாயிகளைக் கூப்பிட்டு, அவரவர் தோட்டம் இருக்கும் இடத்தில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். தலைமடையில் யார், கடைமடையில் யார் என்பது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கடைமடைக் கல்லும் அந்தப் பக்கத்துக் கடைமடைக் கல்லும் ஒரே மாதிரி தூரத்தில் கிடப்பதை அவர்களே பார்ப்பார்கள். எந்தத் தண்ணீர் எந்த மாதம் வந்தது, எந்தப் பயிர் போனது என்று பேசட்டும். ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். தீர்மானம் எதுவும் போட வேண்டாம், போட்டால் அடுத்த நாள் செய்தியாகி இரண்டு பக்கமும் விறைத்துக்கொள்ளும்.

சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படையும் அப்படி ஒரு விஷயம். கொங்கு நாட்டுப் படையைப் பகவதியின் துணையோடு விரட்டியதன் நினைவாகக் கும்ப மாதத்தில் நடக்கும் விழா அது. அந்தக் கதையில் எதிரி நம் கொங்குக்காரர்கள். கோபப்படவோ மறைக்கவோ அதில் ஒன்றுமில்லை. சித்தூர்ப் பெரியவர் ஒருவர் கதையைச் சொல்ல, கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். படை எந்த வழியாக வந்தது, ஏன் வந்தது, எருமை எதற்கு, வேஷம் யார் போடுவது. அந்தச் சித்தூரின் தெக்கேகிராமத்தில் சோகநாசினி ஆற்றங்கரையில்தான் மலையாளத்தில் ராமாயணம் பாடிய எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. கதை கேட்ட பிள்ளைகளை இன்னொரு ஞாயிறு அங்கே அழைத்துப் போகலாம்.

யாராவது குரலை உயர்த்தினால் என்ன செய்வது? கமிட்டியில் முன்பே இருவரை இதற்கென்று வைத்திருங்கள், பொதுவாகத் தலைமையாசிரியை மாதிரி எல்லாரும் மதிக்கும் ஆட்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சொல்லுங்கண்ணா, கேட்கிறேன்" என்று டீ கொடுத்து ஒதுக்குப்புறமாகப் பேசட்டும். மைக்கில் அடக்கினால் அவமானமாகிவிடும்.

அன்றைய நாள் ஓட்டம்

காலை 6 மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். 8 மணிக்குள் பந்தல், தண்ணீர், கழிப்பறைப் பலகை எல்லாம் தயார். 9 மணிக்கு வாசலில் பூ. 9.30 முதல் வட்டக் கும்மி, உறியடி, வடம். 11 மணிக்குக் கோலப்பொடி வரைபடத்தைச் சுற்றிப் பேச்சு, அதே நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை. 12.30-க்கு முதல் பந்தி. 2.30-க்குப் பாட்டு. மேடைப் பேச்சு மொத்தமே இருபது நிமிடம், அதுவும் பாட்டுக்கு நடுவில். 4 மணிக்கு நன்றி சொல்லிவிடுங்கள், கூத்து இருந்தால் 6 மணிக்கு. பாத்திரம் கழுவுவதையும் மைதானம் கூட்டுவதையும் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதுங்கள், ஆண்களின் பெயரைப் போட்டு. எச்சில் இலை எல்லைக்கு அப்பால் போய் ஓடையில் விழக்கூடாது, குழி முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

முதலுதவிப் பெட்டி, மோர், நிழலில் முதியவர்களுக்கு நாற்காலி, கைக்குழந்தைக்காரிகளுக்கு மறைவான ஒரு அறை. போட்டோ எடுக்கும் பையன்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், கேட்காமல் யாரையும் நெருக்கத்தில் எடுக்கக்கூடாது, குறிப்பாகக் காலனிப் பெண்களையும் பழங்குடியினரையும் 'பாரம்பரிய முகம்' என்று எடுத்துப் போடக்கூடாது.

மறுநாளுக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் கணக்கு வாசிக்கும் கூட்டம் வைத்துவிடுங்கள், எதிர்ப்பக்கத்தில். மிச்சப் பணம் பத்து ரூபாயானாலும் இரண்டு மொழியிலும் உரக்க வாசிக்க வேண்டும்.

அதே கூட்டத்தில் அடுத்த மூன்று மாதத்துக்குச் சின்னச் சின்ன வேலைகளைப் பேசிக்கொள்ளுங்கள். வாயனசாலையில் ஒரு அலமாரி தமிழ்ப் புத்தகம், இந்தப் பக்கத்து நூலகத்தில் ஒரு அலமாரி மலையாளப் புத்தகம், பிள்ளைகள் மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டு வருவது. மகளிர் குழுவும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து ஊறுகாயோ தேங்காய் எண்ணெயோ போட்டு இரண்டு பக்கத்துச் சந்தையிலும் விற்பது. தமிழ்வழியில் படிக்கும் கேரளப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமோ ஆசிரியரோ பற்றாக்குறை என்றால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து மனு எழுதுவது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது, 1956-இல் ஏழாவது திருத்தத்தோடு சேர்த்தது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

விழாவில் ஒரே அண்டாவைக் குலுக்கியவர்கள் யார் யார் என்று பெயர் குறித்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அவர்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால் மற்ற மூவருக்கும் பத்திரிகை போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அடுத்த விழாவுக்குக் கமிட்டி கூடும்போது அதையே முதல் விஷயமாக எடுத்து, அடுப்படி வேலையை இன்னும் எப்படிக் கலப்பது என்று பேசித் தொடங்குங்கள்.